மனசுக்கு நிறைவான தொழிலை வரிசை மாறாமல் கட்டுவது: திருகோணமலை இளையவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

உயர்தரப் பெறுபேறு வெளியாகிற கிழமையில் எங்கள் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "சரி, இனி என்ன கோர்ஸ்?" என்பது. கேள்வியில் தப்பில்லை, அது வரும் இடம்தான் தப்பு. ஏழாவதாக வரவேண்டிய கேள்வி அது.

இந்த ஊரில் தொழில் தேடும் பிள்ளைகளோடு உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புவதும், அவர்களுடைய அப்பா அம்மாவோடு பேசுவதும் எனக்கு வழக்கம். திறமை இல்லாமல் தடுக்கியவர்களைவிட வரிசை மாறித் தடுக்கியவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். முதலில் காசு கட்டுகிறார்கள், பிறகு படிக்கிறார்கள், அதற்கும் பிறகுதான் அந்த வேலை நாள் முழுக்க எப்படிப் போகும் என்று பார்க்கிறார்கள். அந்த வரிசையை நேராக்கிக் கீழே தந்திருக்கிறேன். ஒவ்வொரு படியும் முந்தியதில் கிடைத்த விடையை வைத்தே நடப்பதால் தாவிப் போக வேண்டாம்.

எல்லாவற்றுக்குமாக மூன்று நான்கு மாதம் ஒதுக்குங்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும் இதையே செய்யலாம். லீவு நாட்களில்தான் நேரம் கிடைக்கும் என்பதால் அவர்களுக்குக் கொஞ்சம் கூட எடுக்கும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கொப்பி போதும். தொலைபேசியில் எழுதினால் பிறகு தேடிப் பார்க்கமாட்டோம்.

அடுத்தது உங்கள் பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல்., ஏ.எல். சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி, பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி எழுதிவிடுகிறார்கள். அப்பாவின் பெயர் ஒன்றில் முழுதாகவும் இன்னொன்றில் முதலெழுத்தாகவும் நிற்கும். நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாள் இது தெரியவந்தால் சமாதான நீதவானைத் தேடிச் சத்தியக் கடதாசிக்கு ஓட வேண்டிவரும். இப்போதே பார்த்தால் ஆறுதலாகத் திருத்தலாம்.

உங்கள் சொந்தப் பெயரில் ஒரு மின்னஞ்சல் வேண்டும், அதன் கடவுச்சொல் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொமியூனிகேஷன் கடையில் விண்ணப்பம் அனுப்பியபோது கடைக்காரரின் மின்னஞ்சலையே கொடுத்துவிட்டு, அழைப்பு வந்ததே தெரியாமல் இருந்த பிள்ளைகள் உண்டு.

2. வீட்டுக் கணக்கை முதலில் போடுங்கள்

ஆசையைப் பற்றிப் பேசுமுன் கணக்கா என்று சிலருக்கு மனம் சுணங்கும். ஆனால் கணக்குத் தெரியாத ஆசைதான் ஆறாவது மாதத்தில் பாதியில் நின்றுபோகிறது.

இரண்டு எண்கள் எழுதுங்கள். மாதம் எவ்வளவு நான் வீட்டுக்குக் கொடுத்தே ஆகவேண்டும்? நான் ஒன்றும் கொடுக்காவிட்டால் வீடு எத்தனை மாதம் தாங்கும்? இதை ஊகத்தில் எழுத வேண்டாம். அடகில் இருக்கும் நகை, சீட்டுக் காசு, தங்கச்சியின் ரியூசன் எல்லாம் சேர்த்து அம்மாவோடு இருந்து போடுங்கள். பல வீடுகளில் பெற்றோர் சொல்லாமல் வைத்திருக்கும் கடன் இந்தப் பேச்சில்தான் வெளியே வரும். வரட்டும், அது தெரியாமல் எடுக்கும் முடிவு நிலைக்காது.

அதன் கீழே, அசைக்க முடியாத கட்டுப்பாடுகளை எழுதுங்கள். கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அங்கே அறை எடுத்துத் தங்க முடியுமா? வெருகலிலோ குச்சவெளியிலோ இருந்து தினமும் டவுனுக்கு வந்துபோக முடியுமா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு? வீட்டில் நோயாளி இருக்கிறாரா?

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, தேவையை எழுதச் சொன்னால் ஆசைப்படும் சம்பளத்தை எழுதுவது. தேவை என்பது கீழ்க்கோடு. அதற்குக் கீழே போகாத எந்தப் பாதையும் உங்களுக்குத் திறந்திருக்கிறது என்பதைக் காட்டத்தான் அந்த எண்.

3. உங்களைப் பற்றி இரண்டு கிழமைக்குக் குறிப்பெடுங்கள்

"உனக்கு என்ன விருப்பம்?" என்று நேரே கேட்டால் டொக்டர், எஞ்சினியர், டீச்சர், பேங்க் என்றுதான் விடை வரும். அது பிள்ளையின் விடை இல்லை, சுற்றியிருப்பவர்கள் சொல்லிச் சொல்லிப் பதிந்தது. அதனால் விருப்பத்தைக் கேட்காமல் நடப்பதைப் பாருங்கள்.

கொப்பியில் மூன்று நிரல் கீறுங்கள். இன்று யாரும் சொல்லாமல் நானாக எதைச் செய்தேன்? எதற்காக மற்றவர்கள் என்னைத் தேடி வந்தார்கள்? எதைச் செய்தபோது உடம்பு களைத்தாலும் மனம் களைக்கவில்லை? ஒவ்வொரு இரவும் ஓரிரு வரி போதும்.

தாதியாகப் போகவேண்டும் என்று உறுதியாகச் சொன்ன ஒரு தங்கச்சியின் கொப்பியில், மாமாவின் மீன்வாடிக் கணக்கு கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் இருந்தது. ஐஸுக்கு எவ்வளவு, லொறிக்கு எவ்வளவு, எந்த வியாபாரி எவ்வளவு பாக்கி என்று அவளாகவே எழுதி வைத்திருந்தாள். நோயாளியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தாதித் தொழில் அவளுக்குச் சரிவராது என்று இதற்கு அர்த்தமில்லை. கணக்கியலையும் பார்க்கவேண்டிய பட்டியலில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்க்காமலே விட்டிருப்பாள்.

4. மாவட்டத்தில் உண்மையாக நடக்கும் வேலைகளைப் பட்டியலிடுங்கள்

நான் அதிக நேரம் செலவழிக்கும் படி இது. இங்கே வேலையே இல்லை என்று சொல்லும் பலருக்கு, தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகும் மதிலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

சீனன்குடாப் பக்கம் பிரிமா மாவாலை, டோக்கியோ சீமெந்து ஆலை, எண்ணெய்க் குதங்கள், இந்தப் பக்கம் துறைமுகம். வடக்கே புல்மோட்டையில் கனிய மணல். மாகாண சபையின் தலைமை அலுவலகங்கள் பல இந்த டவுனில்தான் இருக்கின்றன. உப்புவெளி, நிலாவெளிக் கரையில் ஹோட்டல்கள், படகுச் சவாரி, 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாமலைத்தீவைச் சுற்றிச் சுழியோட்டம். கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் வயல், கிண்ணியாவிலும் மூதூரிலும் மீன்பிடியும் வியாபாரமும். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம், அங்கே சித்த மருத்துவமும் படிப்பிக்கிறார்கள்.

பட்டியலில் இடத்தின் பெயரை எழுதவேண்டாம், செய்யும் வேலையை எழுதுங்கள். "துறைமுகத்தில் வேலை" என்று ஒரு வேலை இல்லை. பாரந்தூக்கி இயக்குபவர் உண்டு, இயந்திரம் பழுது பார்ப்பவர் உண்டு, சரக்குப் பத்திரம் தயாரிப்பவர் உண்டு. மாவாலை என்றால் எல்லோருக்கும் மூட்டைதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆய்வுகூடத்தில் தரம் பார்ப்பவர், மின்னிணைப்புப் பராமரிப்பவர், களஞ்சியக் கணக்கு வைப்பவர், பாதுகாப்பு அலுவலர் எல்லோரும் அந்த மதிலுக்கு உள்ளேதான் இருக்கிறார்கள். வேலையைக் குறித்து எழுதினால், அதே வேலை வேறெந்த இடங்களில் இருக்கிறது என்பதும் கூடவே தெரியவரும். தரம் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு ஆலை மூடினால் இன்னொரு ஆலை உண்டு.

இங்கிருந்தே இணையம் வழியாகச் செய்யும் வேலைகளுக்கும் ஒரு பகுதி ஒதுக்குங்கள். மென்பொருள் எழுதுவது, வெளியூர்க் கம்பனிக்குக் கணக்கு வைப்பது, மொழிபெயர்ப்பு. தமிழும் சிங்களமும் அக்கம்பக்கத்தில் பேசும் ஊர் இது. இரண்டும் தெரிந்து ஆங்கிலமும் எழுதக்கூடியவர் எந்த அலுவலகத்திலும் தேவைப்படுகிறார். சிங்களம் படிப்பதை ஒரு கோர்ஸாக மட்டும் நினைக்காமல், தெரிந்த கடையொன்றில் நின்று பேசிப் பழகத் தொடங்குங்கள்.

பட்டியலில் பத்துப் பன்னிரண்டு வேலை சேர்ந்ததும், இரண்டாம் படியின் கீழ்க்கோட்டையும் மூன்றாம் படியின் கொப்பியையும் பக்கத்தில் வைத்து மூன்றாகக் குறையுங்கள். ஒன்றாகக் குறைக்க வேண்டாம், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

5. ஒவ்வொன்றிலும் ஒரு முழு வேலைநாளைப் பாருங்கள்

அந்த மூன்று வேலைகளையும் இப்போது செய்துகொண்டிருப்பவர்களைத் தேடிப் போங்கள். அதிகாரியைத் தேடவேண்டாம். மூன்று நான்கு வருடமாக அந்த வேலையில் இருப்பவர்தான் சரியான ஆள். புதிதாக வந்தவருக்கு இன்னும் முழுதாகத் தெரியாது, இருபது வருடம் இருந்தவருக்கு ஆரம்பக் கஷ்டம் மறந்திருக்கும்.

கேட்கும் விதம் முக்கியம். "அண்ணா, வேலை ஒண்டும் கேட்டு வரேல்ல. நீங்க செய்யிற வேலையைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுகொள்ள வேணும், அரை மணித்தியாலம் தருவீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். அதே சந்திப்பில் வேலையும் கேட்டுவிட்டால் அவர் பேச்சைச் சுருக்கிக்கொள்வார், நல்லதை மட்டும் சொல்வார். துறைமுகத்துக்குள்ளும் ஆலைக்குள்ளும் நினைத்தபடி போகமுடியாது. ஷிப்ட் முடிந்து வரும் அயல்வீட்டு மாமாவிடம் கேளுங்கள். தனியே போகத் தயங்கும் பெண்பிள்ளைகள் தெரிந்த அக்கா ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

கேட்கவேண்டியவை: போன கிழமையில் மோசமான நாள் எது, அன்று என்ன நடந்தது? முதல் வருடம் கையில் எவ்வளவு வந்தது? உங்களோடு சேர்ந்தவர்களில் விட்டுப்போனவர் யார், ஏன்? இதை நல்லாகச் செய்பவரை எப்படி அடையாளம் காண்பீர்கள்? இன்று என்னை வேலைக்கு எடுப்பதென்றால் என்ன செய்துகாட்டச் சொல்வீர்கள்? கடைசிக் கேள்வியை விடவே கூடாது. அதற்கு வரும் விடைதான் ஏழாம் படியில் எந்தக் கோர்ஸ் என்பதைத் தீர்மானிக்கும்.

காலத்தையும் பாருங்கள். எங்கள் கரையில் சீசன் ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கி செப்டெம்பர் வரை. ஓகஸ்டில் நிலாவெளியைப் பார்த்துவிட்டு ஹோட்டல் தொழிலை முடிவு செய்பவர், வாடை மழை கொட்டும் நவம்பரில் அதே இடத்தில் யார் வேலையில் இருக்கிறார்கள், யார் வீட்டில் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவேண்டும். முடியாவிட்டால் அதையே கேள்வியாகக் கேளுங்கள்.

பார்த்த அன்றிரவே எழுதிவிடுங்கள். நிறைவு என்பதை நான் பெரிய விஷயமாக வைத்துப் பேசுவதில்லை. இந்த வேலையில் யாருக்கு என்ன பயன் போகிறது என்று எனக்குத் தெரிகிறதா, இந்த மனிதர்களோடு நாள் முழுக்க இருக்க முடியுமா, இதில் நான் திறமை கூடிக்கொண்டே போக இடம் இருக்கிறதா என்ற மூன்றுக்கும் எழுதிப் பாருங்கள். இரண்டுக்காவது தெளிவாக ஆம் வராத வேலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

6. சின்னதாகச் செய்து பாருங்கள்

பார்ப்பது வேறு, செய்வது வேறு. மிஞ்சிய வேலையை, பெரிய செலவில்லாமல், சில கிழமைக்குச் செய்து பாருங்கள்.

ஆசிரியராக விருப்பமா, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு ஒரு மாதம் கணிதம் சொல்லிக்கொடுங்கள். கணக்கியலா, தெரிந்த கடையின் வரவு செலவை ஒரு மாதம் எழுதிக்கொடுங்கள். சுழியோட்டமா, அதற்குச் சான்றிதழ் வழங்கும் சர்வதேச அமைப்பான PADIயின் டைவ்மாஸ்டர் தகுதிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியைத் தொடங்கவே பதிவான 40 சுழியோட்டமும், சான்றிதழுக்கு 60உம் தேவை. அதற்கு முதல் படிகளும் இருக்கின்றன, செலவு பெரிது. காசு கட்டுமுன் ஒரு நிலையத்தில் சில கிழமை சிலிண்டர் தூக்கி, படகு கழுவி, ஒரு அறிமுகச் சுழியோட்டமும் போய்ப் பாருங்கள். காது அழுத்தம் தாங்காதவருக்கு அன்றே தெரிந்துவிடும்.

தொடங்குமுன் இரண்டு விஷயத்தை எழுதி வையுங்கள்: எவ்வளவு காசுக்கு மேல் செலவழிக்கமாட்டேன், எது நடந்தால் நிறுத்துவேன். நடுவில் எழுதினால் ஆசையோ பயமோ எழுதிவிடும்.

7. இப்போதுதான் கோர்ஸ்

ஐந்தாம் படியில் "என்ன செய்துகாட்டச் சொல்வீர்கள்" என்று கேட்டீர்களே, அதைச் செய்யக் கற்றுத்தரும் கோர்ஸைத் தேடுங்கள். பெயர் கவர்ச்சியாக இருப்பதற்காகச் சேரவேண்டாம். சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டே போய், ஒன்றையும் கையால் செய்யத் தெரியாமல் நிற்பவர்கள்தான் நேர்முகத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

தொழிற்பயிற்சி என்றால் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமை மட்டத்தைப் பாருங்கள். 1 முதல் 4 வரை தேசிய சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்ட மட்டம். தனியார் நிலையத்தில் சேருமுன் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இரண்டைச் சரிபாருங்கள்: நிலையம் பதியப்பட்டிருக்கிறதா, நீங்கள் படிக்கப்போகும் அந்தக் கோர்ஸ் தரச்சான்று பெற்றிருக்கிறதா. இரண்டும் வேறு வேறு. பதிவு இருக்கிறது என்று சொல்லி, தரச்சான்று இல்லாத கோர்ஸில் சேர்த்துவிடுவது நடக்கிறது. திருகோணமலையில் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையம், உயர் தேசிய டிப்ளோமா நடத்தும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் ஆகியவை உண்டு. முதலில் அவற்றைப் போய்க் கேளுங்கள்.

வருடக்கணக்காக வயரிங்கோ மேசன் வேலையோ செய்துவரும் அண்ணாமார் திரும்ப வகுப்பில் உட்காரத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், அனுபவத்துக்கான ஆதாரம் காட்டி, செய்து காட்டி, என்.வி.கியூ. பெறலாம். இது தெரியாமலே பலர் இருக்கிறார்கள்.

சுற்றுலா வழிகாட்டியாகப் போகிறவருக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் வேண்டும். வெளிநாடு போகிறவர், முகவர் உரிமம் பெற்றவரா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பார்த்த பின்புதான் காசைப் பற்றிப் பேசவேண்டும்.

ஏ.எல். திரும்ப எழுதுவதா என்பதும் இந்தப் படியில் முடிவு செய்யவேண்டியதே. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை வரைதான் எழுதலாம். நீங்கள் தெரிந்தெடுத்த வேலைக்குப் பட்டம் கட்டாயமா என்று ஐந்தாம் படியின் குறிப்பில் பாருங்கள். கட்டாயமென்றால் எழுதுங்கள். இல்லையென்றால், மூன்றாம் தடவைக்காகக் கொடுக்கும் வருடத்தை வேறெதற்குக் கொடுக்கலாம் என்று வீட்டில் பேசுங்கள்.

அரசாங்க உத்தியோகம் வேண்டும் என்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை வர்த்தமானியைத் தவறாமல் பாருங்கள், விண்ணப்பியுங்கள், பரீட்சைக்குப் படியுங்கள். ஆனால் அது வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். பட்டத்தோடு வருடக்கணக்கில் நியமனத்துக்குக் காத்திருந்த அக்காமார் அண்ணாமாரை இந்த ஊர் அறியும். காத்திருந்ததைவிட, காத்திருந்த காலத்தில் கையில் ஒரு தொழிலும் சேராமல் போனதுதான் அவர்களுக்குப் பெரிய நட்டமானது.

குழப்பமாக இருந்தால் உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள். தொழில் வழிகாட்டல் அங்கே இலவசம். கொப்பியையும் கொண்டுபோனால் பேச்சு நேரே விஷயத்துக்கு வரும்.

8. முதல் வேலையைத் தெரிந்தெடுப்பது

முதல் வேலையில் சம்பளம் உங்கள் கீழ்க்கோட்டைத் தொட்டால் போதும். அதற்கு மேல், சொல்லித்தர ஒருவர் இருக்கிறாரா என்பதைப் பாருங்கள். ஐயாயிரம் கூடத் தரும், ஆனால் யாரும் ஒன்றும் காட்டித்தராத இடத்தைவிட, தப்பைத் திருத்திக் காட்டும் மேற்பார்வையாளர் இருக்கும் இடம் இரண்டு வருடத்தில் அதிகம் தரும்.

எழுத்தில் நியமனக் கடிதம் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம் பிடித்து, முதலாளி 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு அவர் 3 வீதம் தனியாகக் கட்டவேண்டும், அதை உங்களிடம் பிடிக்கக் கூடாது. 40,000 ரூபா சம்பளமென்றால் உங்களுடையது 3,200, அவருடையது 4,800, அதோடு 1,200. "ஆறு மாதம் போகட்டும், பிறகு பார்ப்பம்" என்று சொல்லும் இடத்தில் மற்றக் கணக்குகளையும் கவனமாகப் பாருங்கள்.

சீசன் வேலையை எடுப்பவர் மழைக்காலத்துக்கு முன்கூட்டியே திட்டம் வைத்திருக்க வேண்டும். அந்த மாதங்களில்தான் மொழி படிக்கலாம், அடுத்த மட்டத்துக்குப் போகலாம்.

9. செய்ததற்கு ஆதாரம் சேருங்கள்

செய்த வயரிங்கின் படம், முடித்த கணக்கின் மாதிரி (முதலாளியின் அனுமதியோடு), வாடிக்கையாளர் எழுதிய இரண்டு வரி. மாதம் ஒருமுறை ஒரு கோப்பில் போட்டால் போதும். ஐந்தாம் படியில் சந்தித்தவர்களுக்கு, எங்கே சேர்ந்தீர்கள் என்று ஒரு அழைப்பு எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த வாய்ப்பு பெரும்பாலும் அவர்கள் வழியாகத்தான் வரும்.

10. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள், விலகுவதையும் முறையாகச் செய்யுங்கள்

ஐந்தாம் படியின் அந்த மூன்று கேள்விக்கும் திரும்ப விடை எழுதுங்கள். கோபம் வந்த அன்று எழுதவேண்டாம், சம்பளம் வந்த அன்றும் வேண்டாம். முன்கூட்டியே ஒரு திகதி குறித்து அன்று எழுதுங்கள்.

விடைகள் சரியாக இல்லையென்றால், வேலையா பிரச்சினை, இடமா பிரச்சினை என்று பிரித்துப் பாருங்கள். அதே வேலையை வேறு ஆட்களோடு செய்தால் சரிவரும் என்று தோன்றினால் இடத்தை மாற்றினால் போதும். இதைப் பிரிக்காமல், ஒரு கடுமையான மேலாளருக்காகப் படித்த தொழிலையே தூக்கிப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். வேலையே ஒத்துவரவில்லை என்றால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். அங்கே மிஞ்சிய இரண்டு பெயர் இருக்கும்.

விலகும்போது நியமனக் கடிதத்தில் உள்ளபடி அறிவித்தல் கொடுங்கள். உங்கள் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திகதி, பதவி, செய்த வேலைகள் எல்லாம் எழுதிய சேவைக் கடிதத்தைக் கையில் வாங்கிய பின்பு வெளியே வாருங்கள். பிறகு முன்கற்றல் வழியாக என்.வி.கியூ. எடுக்கப் போகும்போது முதலில் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான்.